ஹாம் ரேடியோ பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்களா? யாரைத் தேடுவது, எப்படிக் காட்டுவது

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்கள், அதாவது ஹாம்கள், பொழுதுபோக்காக அலைவரிசையில் பேசிக்கொள்வது) பற்றி முதல்முறை ஆவணப்படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், அலமாரி நிறைய வெளிநாட்டு ரேடியோக்கள், சுவர் முழுக்க, பேசியதை உறுதிசெய்து பல நாடுகளிலிருந்து வந்த க்யூஎஸ்எல் கார்டுகள், மொட்டை மாடியில் உயரமாக ஓர் ஆன்டெனா. நடுவில் அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அந்தப் பெரியவர் சொல்வதெல்லாம் உண்மை, அவருடைய உழைப்பும் உண்மை. ஆனால் இந்தியாவில் 12 வயது நிரம்பினால் ஹாம் தேர்வு எழுதலாம். அந்த வயதில் ஒரு பெண் குழந்தை இந்தப் படத்தைப் பார்த்தால், இது நமக்கும் ஆனதுதான் என்று அவளுக்குத் தோன்ற அதில் என்ன இருக்கிறது?

கிரிக்கெட்டைப் பற்றி நூறு படங்கள் வருகின்றன. ஒன்று விட்டதை இன்னொன்று சொல்லிவிடும். ஹாம் ரேடியோ போன்ற சின்ன உலகத்துக்கு அந்த வசதி இல்லை. பார்வையாளர் வாழ்நாளில் பார்க்கும் ஒரே ஹாம் படம் உங்களுடையதாக இருக்கலாம். அதனால் அதில் யார் இருக்கிறார்கள், யார் திறமைசாலியாகத் தெரிகிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே யோசித்துவிடுங்கள். எடிட்டிங்கில் வந்து சரிசெய்ய முடியாது.

முதலில் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள்

உரிமம் வாங்கும் அளவுக்கு வேண்டாம். ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் போனால், யார் அதிகம் பேசுகிறாரோ அவரையே நிபுணர் என்று நம்பிவிடுவீர்கள். இந்திய ஹாம்களின் கால்சைன் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி) பெரும்பாலும் வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். உரிமத்தில் இரண்டு நிலைகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ஜெனரலுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் குறியீடு) தெரிந்திருக்க வேண்டும். நீண்ட தூரத்துக்குப் பேச எச்எஃப் அலைவரிசைகள். ஊருக்குள் பேச விஎச்எஃப். இவ்வளவு தெரிந்தால் போதும், தொடங்கலாம்.

அப்புறம் கேளுங்கள். ஒரு ஹாம் நண்பரின் அறையில் காலை நேரத்தில் உட்கார்ந்து, 7 மெகாஹெர்ட்ஸில் என்ன நடக்கிறது என்று காது கொடுங்கள். இணையத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர்களிலும் கேட்கலாம். யார் நெட்டை (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் சந்திப்பை) நடத்துகிறார், யாருடைய குரல் வந்ததும் மற்றவர்கள் வழிவிடுகிறார்கள், யார் இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் பதில் கிடைக்காமல் காத்திருக்கிறார் என்பதெல்லாம் காதிலேயே விழும். உங்கள் படத்தின் முதல் ஆய்வுக் குறிப்பு அங்கேதான் கிடைக்கும்.

வரலாற்றைத் தேடும்போது சென்னையை மறந்துவிடாதீர்கள். இந்தியாவில் வானொலி அரசின் கைக்குப் போவதற்கு முன்பே, 1924இல் இங்கே மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. ஆர்வலர்கள் சேர்ந்து செய்த வேலை அது.

பட்டியல் எப்படி உருவாகிறது என்று கவனியுங்கள்

என் அனுபவத்தில் படத்தின் தலையெழுத்து இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது. பெரும்பாலானவர்கள் ஒரு கிளப் செயலாளருக்கு போன் செய்வார்கள். அவர் நல்ல மனதோடு ஐந்து பேரின் எண்களைக் கொடுப்பார். ஐந்து பேரும் நன்றாகப் பேசுவார்கள், ஆங்கிலம் தெரிந்திருக்கும், வீட்டில் கேமரா வைக்க இடம் இருக்கும், பகலில் நேரமும் இருக்கும். செயலாளரிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. கேமராவுக்கு வசதியானவர்களைத்தான் அவர் தேர்ந்தெடுக்கிறார், நாமும் அதைத்தான் கேட்டோம்.

அந்த ஐந்து பேரையும் பாருங்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்? நீங்கள் யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்? உங்களோடு தேர்வு எழுதிவிட்டு இப்போது அலைவரிசையில் இல்லாதவர் யார்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பட்டியலை மாற்றும். கல்லூரிக் கிளப்பில் மோர்ஸில் முதலாவதாக வந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் ரேடியோவை விட்டுவிட்ட பெண் இருப்பார். உரிமம் வாங்கியும், வாடகை வீட்டில் கம்பி கட்ட விடாததால் நிலையமே அமைக்காத மெக்கானிக் இருப்பார். தொடராமல் போனவர்களும் இந்தப் பொழுதுபோக்கின் கதையில் பாதி.

கிளப்புக்கு வெளியேயும் தேடுங்கள். பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கிளப் நிலையங்கள் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்பவர்களைக் கேட்டால், யார் சொந்தமாக ரேடியோப் பெட்டி கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். தமிழ் பேசும் ஹாம்கள் இலங்கையிலும் (4எஸ்), மலேசியாவிலும் (9எம்), சிங்கப்பூரிலும் (9வி) இருக்கிறார்கள். 14 மெகாஹெர்ட்ஸ் திறந்திருக்கும் (தூரத்துக்கு எட்டும்) நேரத்தில் அவர்களுக்குள் தமிழில் நடக்கும் உரையாடலைப் பதிவு செய்தால், வேறெந்தக் காட்சியும் தராத நெருக்கம் கிடைக்கும்.

மொட்டை மாடி யாருடையது?

பன்முகத்தன்மை என்றதும் நமக்கு ஆண், பெண் கணக்குதான் முதலில் ஞாபகம் வருகிறது. ஹாம் ரேடியோவில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஆன்டெனா கட்ட உங்களுக்கு இடம் இருக்கிறதா?

7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சாதாரண டைபோல் ஆன்டெனா கட்ட ஏறக்குறைய 66 அடி நீளத்துக்குக் கம்பி வேண்டும். இரு பக்கமும் 33 அடி, நடுவில் கோஆக்ஸ் கேபிள் இறங்க வேண்டும், எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. சொந்த வீட்டுக்காரருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு மாடிச் சாவியே வீட்டு உரிமையாளரிடம்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் அனுமதி வேண்டும். கம்பியைப் பார்த்ததும் கதிர்வீச்சு வரும் என்று பக்கத்து வீட்டார் பயப்படுவார்கள். நம் ஊரில் யாருக்கு எந்தத் தெருவில் வீடு கிடைக்கிறது என்பதில் சாதியும் மதமும் இருக்கின்றன. ஆக, யாருக்கு ஆன்டெனா இருக்கிறது என்பதிலும் அவை இருக்கின்றன. இதைக் கேமரா முன்னால் ஒருவரிடம் நேரடியாகக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். ஆனால் வீடு தேடி அலைந்த கதையை அவராகச் சொன்னால், ‘ரேடியோவுக்குச் சம்பந்தமில்லை’ என்று வெட்டி எறியாதீர்கள். ரேடியோவுக்கு முழுச் சம்பந்தம் உள்ள பேச்சு அது.

பணமும் அப்படித்தான். இறக்குமதி ரேடியோ வாங்குவது எல்லாருக்கும் ஆகாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் (வி.யூ.2.இ.எஸ்.இ.) வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) பிறந்ததே இதனால்தான். இந்தியக் கடைகளில் கிடைக்கும் சாதாரண உதிரிபாகங்களை வைத்தே கட்டும்படி அதை அமைத்தார். காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரைக்கூடப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். உலகம் முழுக்க அந்த வடிவமைப்பைப் பார்த்துப் பலர் பெட்டி கட்டியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் பளபளக்கும் பெட்டி ஒன்றைக் காட்டினால், சால்டரிங் தழும்போடு இருக்கும் ஒரு கையையும் அதே நேரம் ஒதுக்கிக் காட்டுங்கள். வாஷரில் எனாமல் கம்பி சுற்றுவதை நெருக்கத்தில் எடுங்கள்: கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார்கள், நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். பேசாமல் எடுங்கள்.

பெண்களை எப்படிக் காட்டுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்லெண்ணத்தோடு போகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒரே ஒரு பெண் ஹாமைக் கண்டுபிடித்து, ‘ஆண்கள் உலகில் ஒரு பெண்’ என்று பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தப் பத்து நிமிடமும் வீட்டில் சம்மதித்தார்களா, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், கிண்டல் செய்தார்களா என்று மட்டுமே கேட்பது பழகிப்போன முறை. ஆண்களிடம் ஆன்டெனா பற்றியும், ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வானத்து அயனமண்டலம் பற்றியும் கேட்கிறோம். பெண்ணிடம் பெண்ணாக இருப்பது பற்றிக் கேட்கிறோம். படம் முடியும்போது, ஆண்களுக்கு ரேடியோ தெரியும், பெண்ணுக்குக் கஷ்டம் தெரியும் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

என் யோசனை எளிமையானது. எல்லாரிடமும் ஒரே கேள்விப் பட்டியலை எடுத்துப் போங்கள். பெண்ணிடமும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) ஏன் ஏறியது என்று கேளுங்கள். ஆணிடமும் நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ரேடியோவில் இருந்தபோது குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் மௌனம் படத்துக்கு ரொம்பவும் தேவை.

பாரதி பிரசாத் (வி.யூ.2.ஆர்.பி.ஐ.) செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக ஹாம் குரலே கேட்காத அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அரசிடம் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போனார். உலகமெங்கும் உள்ள ஹாம்கள் அந்தத் தொடர்புக்காகக் காத்திருந்தார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாட்களில், பொழுதுபோக்குக்காக எடுத்துப் போன அதே நிலையத்தை வைத்து அவருடைய குழு பிரதான நிலத்துக்குச் செய்தி அனுப்பியது. இந்தக் கதையை ‘துணிச்சலான பெண்’ என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் அவருடைய உண்மையான திறமை காணாமல் போகும்: அரசு அலுவலகங்களோடு நடத்திய நீண்ட பேச்சு, குழு அமைத்தது, உபகரணங்களைத் தீவுக்குக் கொண்டுபோனது, பெருங்கூட்டமான அழைப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு கால்சைனாகப் பிரித்தெடுக்கும் காது. இவைதான் ஒரு ஹாமின் வேலை. அதைக் காட்டுங்கள்.

அந்த அழைப்புக் கூட்டத்தை ஹாம்கள் பைல்-அப் என்பார்கள். ஒரு பெண் குரல் அலைவரிசையில் வந்தால் சாதாரண நாளிலும் பைல்-அப் சேர்ந்துவிடும். கேட்கப் பிரமாதமான ஒலி அது, எந்த இயக்குநருக்கும் கை துறுதுறுக்கும். எடுங்கள். ஆனால் எடுத்து முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றியவரிடம், ‘அக்கா, இப்படி எல்லாரும் ஒரேயடியாகக் கூப்பிடுவது உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். ஒருவருக்கு அது உற்சாகம். இன்னொருவர், ‘நம்ம சிக்னலுக்காகக் கூப்பிடுறாங்களா, குரலுக்காகக் கூப்பிடுறாங்களான்னு தெரியாது தம்பி’ என்பார். இரண்டும் படத்தில் இருக்கட்டும்.

காபி கொண்டுவந்த மனைவியையும் விட்டுவிடாதீர்கள். ஹாம்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கூரியரில் வந்த பெட்டியை வாங்கி வைப்பதும், மழைக்கு முன்னால் கேபிளைக் கழற்றிப் போடுவதும், மாடியில் கம்பியின் மறுமுனையைப் பிடிப்பதும் பல வீடுகளில் அவர்கள்தான். சிலருக்குக் கால்சைனும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

பார்வையற்ற ஹாம்கள்

பார்வையற்றவர்கள் நெடுங்காலமாகவே பெரிய எண்ணிக்கையில் பங்கெடுக்கும் பொழுதுபோக்கு இது. குரலும் மோர்ஸும் உள்ள இடத்தில் கண் தேவைப்படாது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் ஹாம் ஆவதற்கென்றே ஹாண்டிஹாம் என்ற அமைப்பு 1967இலேயே தொடங்கிவிட்டது. காது கேளாதவர்கள் ஸ்பீக்கர் மேல் விரல் வைத்து அதிர்வில் மோர்ஸ் படித்ததும் உண்டு.

படமெடுக்கும்போது சோக இசை வேண்டாம். ஊன்றுகோலில் ஆரம்பித்து ரேடியோவுக்கு வரும் ஷாட்டும் வேண்டாம். வேலையிலிருந்து தொடங்குங்கள். டயலைத் திருப்பும் விரல்கள், அலைவரிசையை ரேடியோ குரலில் வாசிப்பது, இரைச்சலுக்கு நடுவே அவர் ஒரு மெல்லிய மோர்ஸைப் பிடித்து உங்களுக்குச் சொல்வது. உங்கள் ஒலிப்பதிவாளருக்கே அது கேட்டிருக்காது. பார்வையில்லை என்பது பார்வையாளருக்குப் பிறகு தானாகத் தெரியட்டும்.

படப்பிடிப்பு நாளில்

உங்கள் விளக்கு ஒருவரைத் திறமையற்றவராகக் காட்டிவிடும் என்றால் நம்புவீர்களா? மலிவான எல்இடி பேனல்களும் சார்ஜர்களும் எச்எஃப் ரிசீவரில் பலத்த இரைச்சலை உண்டாக்கும். பெரிய ஆன்டெனா உள்ளவர் அதையும் மீறிக் கேட்டுவிடுவார். பால்கனியில் சின்னக் கம்பி கட்டியிருப்பவருக்கு எதுவுமே கேட்காது. ‘மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள்’ என்று தடுமாறுவார், கேமரா அதை அப்படியே பதிவு செய்யும். தொடங்கும் முன் விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு, ‘இரைச்சல் ஏறுகிறதா?’ என்று அவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். முடிந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. அவர் ஒலிபரப்பும்போது உங்கள் வயர்லெஸ் காலர் மைக்கில் கரகர சத்தம் ஏறலாம். பவரைக் குறைக்கச் சொல்லுங்கள், கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள், அல்லது தள்ளி நின்று பூம் மைக்கில் எடுங்கள்.

உரிமம் இல்லாமல் மைக்கை வாங்கி நீங்கள் பேசக் கூடாது, ஒரு வரிகூட. ஹாம் அலைவரிசையில் பாட்டு ஒலிபரப்பக் கூடாது என்பதால் பக்கத்து அறையில் டிவி ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள். விதி மீறியதாகப் படத்தில் தெரிந்தால் சிக்கல் முதலில் அவருக்குத்தான் வரும்.

எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அலைவரிசையில் ஆங்கிலத்தில் வெட்டி வெட்டிப் பேசுபவர், தமிழில் அயனமண்டலத்தைப் பற்றி அரைமணி நேரம் அழகாக விளக்குவார். சர்வதேச விழாவுக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் பேட்டி எடுத்தால் அவருடைய பாதி அறிவு அங்கேயே நின்றுவிடும். சப்டைட்டில் அதற்குத்தானே இருக்கிறது.

கால்சைன், சம்மதம், பணம்

கால்சைன் ஒரு ஹாமின் பெருமை. சட்டையில், தொப்பியில், வண்டியில் எல்லாம் எழுதியிருப்பார்கள். ஆனால் பலருடைய முகவரி, கால்சைனைத் தேடினாலே இணையப் பட்டியல்களில் கிடைத்துவிடும். தனியாக வசிக்கும் ஒரு பெண்ணையோ பள்ளி மாணவியையோ கால்சைனோடு காட்டினால், வீட்டு வாசலையும் சேர்த்துக் காட்டியதாகலாம். ஆகவே இதைத் தனியாகக் கேளுங்கள்: முகம் சரி, குரல் சரி, கால்சைன் சரியா? சுவரில் உள்ள க்யூஎஸ்எல் கார்டுகளையும் சரிபாருங்கள், அவற்றில் முகவரி அச்சாகியிருக்கும். வேண்டாம் என்றால், கால்சைன் சொல்லும் நொடியில் ஒலியை மறைப்பது பெரிய வேலையில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தோடு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

அலைவரிசையின் மறுமுனையில் பேசியவர் உங்களுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் மறக்காதீர்கள். அவர் குரலைப் பயன்படுத்தும் முன் தொடர்பு கொண்டு கேட்டுவிடுங்கள். ஹாம்கள் எளிதில் கிடைப்பார்கள், மறுப்பவர்களும் குறைவு.

பணம் பற்றி: ஹாம் சேவை ஆதாயத்துக்கானது அல்ல என்பது அதன் அடிப்படை விதி. அதனால் ஒலிபரப்புவதற்காகக் கூலி கொடுக்காதீர்கள். ஆனால் தினக்கூலியில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உங்களுக்குப் பேட்டி தருகிறார் என்றால், இழந்த வருமானத்தையும் போக்குவரத்துச் செலவையும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் ஓய்வூதியக்காரர்களை மட்டும் வைத்துத்தான் படம் எடுக்க முடியும்.

எடிட்டிங் மேசையில்

முதல் வெட்டு தயாரானதும் ஒலியை மட்டும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். விளக்கம் சொல்பவர் யார்? அனுபவம் மட்டும் சொல்பவர் யார்? யாரைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள், ஆனால் அவர் பேசவில்லை? பெரும்பாலும் அறிவியல் எல்லாம் ஒரே மாதிரியான இரண்டு குரல்களில் சேர்ந்திருக்கும். அயனமண்டலம் ராத்திரியில் எப்படி மாறுகிறது என்ற விளக்கத்தை நீங்கள் பேட்டி எடுத்த ஒரு பாலிடெக்னிக் மாணவியும் சொல்லியிருப்பாள், தேடிப் பாருங்கள். அவள் சொன்னதை வையுங்கள்.

திரையில் வரும் பெயர்ப் பட்டையும் இப்படித்தான். ஒருவருக்கு ‘மூத்த ஹாம், ஆன்டெனா நிபுணர்’ என்று போட்டுவிட்டு இன்னொருவருக்கு ‘இல்லத்தரசி’ என்று போடாதீர்கள். எல்லாருக்கும் பெயர், எந்த ஆண்டிலிருந்து உரிமம் என்று ஒரே மாதிரி போடுங்கள். சம்மதித்தவர்களுக்குக் கால்சைனையும் சேர்க்கலாம்.

அத்தனை பேருக்கும் இடமில்லாமல் போகும். போகட்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று பிரித்துக் கொடுத்தால் யாரும் மனதில் நிற்க மாட்டார்கள். நான்கு பேரை முழுசாகக் காட்டுங்கள், அந்த நால்வரைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே சொன்னதை எல்லாம் யோசியுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். திரையிடல் அன்று வந்து தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

இறுதி வெட்டுக்கு முன் பங்கேற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். தொழில்நுட்பத் தவறுகளை உடனே சொல்வார்கள், மெகாஹெர்ட்ஸைக் கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் தப்பவே முடியாது. ‘என் அம்மா பேசியதை எடுத்துவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் எடுத்துவிடுங்கள். அதே கட்டத்தில் ஒலி விவரணைத் தடத்தையும் தயார் செய்து, உங்கள் படத்தில் இருக்கும் பார்வையற்ற ஹாமிடம் கொடுங்கள். எந்த இடத்தில் காட்சி புரியவில்லை என்று அவர் நேரக் குறிப்போடு சொல்வார். அதைத் திருத்திவிட்டு அப்புறம் விழாவுக்கு அனுப்புங்கள்.